கேட்டே இராத பாட்டுக்கு ஏக்கம் எப்படி வருகிறது? ஜப்பானிய மெட்டுகளுக்கு ஓர் அறிமுகம்

பழைய ஜப்பானியப் பாடல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துவிடும். “ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் எதையோ தொலைத்ததுபோல இருக்கிறது” என்பது ஒன்று. “அது ஜப்பானியரின் பல நூற்றாண்டு ஆன்மா, அந்த மண்ணின் சோகம்” என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்பவர்கள் தாங்கள் உணர்ந்ததைச் சொல்கிறார்கள், அதை மறுக்க முடியாது. இரண்டாவதுதான் சிக்கல். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், பாஸ்டனிலிருந்து வந்த ஒரு பாட்டு வாத்தியாரும், பதினைந்து வயதில் ரயிலேறி டோக்கியோவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும், ஹமாமட்சு நகரத்து நிறுவனம் ஒன்று கொண்டுவந்த கீபோர்டும் கதையிலிருந்து காணாமல் போய்விடுகின்றன. இந்த ஏக்கத்தை உண்டாக்கியதில் பெரும்பங்கு அவர்களுக்கும் அவற்றுக்கும்தான்.

இதைப் புரிந்துகொள்ள இசை இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. ஸரிகமபதநி என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

## ஏக்கம் ஒலிக்குள் இல்லை

பள்ளிக்கூட மணியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒலிப்பதும் மாலையில் ஒலிப்பதும் ஒரே மணிதான். காலையில் கேட்டால் பதறி ஓடுகிறோம், மாலையில் கேட்டால் துள்ளி எழுகிறோம். துள்ளல் மணிக்குள் இல்லை. அந்த ஒலியோடு சேர்ந்தே வந்த நேரத்திலும் சூழலிலும் இருக்கிறது. நாள்தோறும் கேட்டுக் கேட்டு இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

ஜப்பானில் இந்த ஒட்டுதல் ஊர் ஊராக நடக்கிறது. நிலநடுக்கம், சுனாமி போன்ற ஆபத்துகளை அறிவிக்க உள்ளாட்சிகள் தெருவெங்கும் ஒலிபெருக்கிக் கம்பங்கள் நட்டிருக்கின்றன. அவற்றில் மாலை 5 மணி வாக்கில் ஒரு மெட்டு ஒலிக்கும். கருவி வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்கும் அது பயன்படுகிறது, விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்குக் கிளப்பவும் பயன்படுகிறது. பல ஊர்களில் அது 1923இல் வெளிவந்த ‘யூயாகே கோயாகே’ என்ற குழந்தைப் பாட்டின் மெட்டு. வானம் சிவந்துவிட்டது, மலைக்கோயில் மணி கேட்கிறது, கைகோத்து வீடு போவோம் என்பது அதன் பொருள். வேறு சில ஊர்களில் செக் நாட்டு இசையமைப்பாளர் துவோர்ஷாக் 1893இல் அமெரிக்காவில் இருந்துகொண்டு எழுதிய ஒன்பதாம் சிம்பொனியின் மெதுவான பகுதி ஒலிக்கிறது. ஜப்பானுக்கும் அந்த இசைக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. ஆனாலும் அங்கே வளர்ந்த ஒருவருக்கு நாற்பது வயதில் அது காதில் விழுந்தால் புழுதிக் காலும் பசியும் இருட்டத் தொடங்கிய தெருவும் நினைவில் வந்துவிடும்.

கடந்தகால ஏக்கம் என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது இதைத்தான்: திரும்பி வராது என்று தெரிந்த ஒரு காலத்தின்மேல் எழும், இனிப்பும் வலியும் கலந்த உணர்ச்சி. வெறும் சோகம் இதில் சேராது. இனிப்பு இல்லாவிட்டால் நாமே தேடிப் போய் அந்தப் பாட்டை மறுபடி போடமாட்டோம்.

மூளைக்குள் நடப்பதையும் ஓரளவு பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா 2009இல் வெளியிட்ட ஆய்வில், சொந்த நினைவைக் கிளப்பும் பாட்டைக் கேட்கும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி சுறுசுறுப்பாவது தெரிந்தது. பாட்டின் போக்கைத் தொடர்வதும் நம் வாழ்க்கை நினைவுகளை இழுத்து வருவதும் அங்கே சந்திக்கின்றன.

இன்னொரு செய்தி பின்னால் தேவைப்படும். வயதானவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்து நினைவுகள்தான் அதிகமாகக் கொட்டும். இதை நினைவு மேடு என்று அழைப்போம். அந்த வயதில் கேட்ட பாட்டு ஆழமாகப் பதிகிறது.

ஆக, மெட்டு ஒரு கொக்கி. அதில் எது மாட்டப்படுகிறது என்பதைக் கேட்பவரின் வாழ்க்கை தீர்மானிக்கிறது. அப்படியென்றால் ஜப்பானிய மெட்டுகளில் தனியாக எதுவும் இல்லையா? இருக்கிறது.

## ம-வும் நி-யும் இல்லாத மெட்டு

1879இல் ஜப்பானிய அரசு பள்ளிகளுக்கான இசைக் கல்வியை உருவாக்க ஒரு அலுவலகம் திறந்தது. அதன் பொறுப்பில் இருந்த இசாவா ஷூஜி அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். தனக்கு அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்த பாஸ்டன்காரர் லூதர் வைட்டிங் மேசனை 1880இல் டோக்கியோவுக்கு வரவழைத்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பள்ளிப் பாட்டுப் புத்தகங்கள் 1881 முதல் வெளிவந்தன.

மேற்கத்திய அளவையில், அதாவது ஸ்வர வரிசையில், ஏழு ஸ்வரங்கள். ஜப்பானிய மக்கள் இசையிலோ ஐந்து ஸ்வர மெட்டுகளே அதிகம். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் தேவைப்பட்டது. பிரகாசமாக ஒலிக்கும் மேற்கத்திய மேஜர் அளவையிலிருந்து நான்காவதையும் ஏழாவதையும் நீக்கிவிட்டால் ஐந்து ஸ்வரம் மிஞ்சும். இந்த அளவைக்கு யொனநுக்கி என்று பெயர், நாலும் ஏழும் நீக்கியது என்று பொருள். நம் கணக்கில் ம-வும் நி-யும் போய்விட்டால் மிஞ்சுவது ஸ ரி க ப த. கர்நாடக இசை கேட்டவர்களுக்கு இது மோகனத்தின் ஸ்வரங்கள் என்று உடனே பிடிபடும். தமிழ்க் காதுக்குப் பல ஜப்பானியப் பாட்டுகள் முதல் தடவையே பழகியதுபோல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு மங்கலாக ஒலிக்கும் மைனர் வடிவமும் உண்டு. சிவரஞ்சனியின் தைவதத்தை ஒரு படி இறக்கிப் பாடிப் பாருங்கள், ஸ்வரங்கள் அதேதான். 1931இல் மசாவோ கோகா இசையமைத்து இச்சிரோ ஃபுஜியாமா பாடிய, மதுவையும் கண்ணீரையும் பற்றிய பாட்டு பெரும் வெற்றி பெற்றபின், இந்த மைனர் வடிவமும் அழுதுவடியும் கிட்டாரும் ஜப்பானியச் சோகத்தின் அடையாளமாகிவிட்டன. கோகா சிறுவயதில் வளர்ந்தது கொரியாவில். கொரியர்களின் டிராட் என்ற வெகுஜனப் பாட்டும் இதே சாயலில்தான் இருக்கும்.

அந்த நீக்கல் காதில் என்ன செய்கிறது? ம-வுக்கும் க-வுக்கும் நடுவே அரைப்படி இடைவெளிதான், நி-க்கும் மேல் ஸ-வுக்கும் நடுவேயும் அப்படியே. அரைப்படியில் நிற்கும் ஸ்வரம் பக்கத்து ஸ்வரத்தை நோக்கி இழுபடும், ‘அங்கே போ’ என்று அவசரப்படுத்தும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மேஜர் வடிவத்தில் அவசரமே இல்லை. மெட்டு மிதக்கிறது. ஸ்வரங்களுக்கு நடுவே தாண்டல்கள் பெரிதாக இருப்பதால் பிள்ளைகளும் சுலபமாகப் பாடலாம், மறப்பதும் கடினம். மைனர் வடிவத்தில் மட்டும் ரி-யும் க-வும், ப-வும் த-வும் ஒட்டி நிற்கின்றன. அந்த ஒட்டல்தான் விம்மலாகக் கேட்கிறது.

இந்த இடத்தில் ‘ஹோத்தாரு நோ ஹிக்காரி’ பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மின்மினி வெளிச்சத்தில் படித்த நாட்களைச் சொல்லி விடைபெறும் பாட்டு. ஜப்பானில் பல தலைமுறைகளுக்குப் பள்ளி இறுதி விழா என்றால் இதுதான். வருடக் கடைசி இரவில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஒளிபரப்பும் கோஹாக்கு இசை நிகழ்ச்சியும் இதோடுதான் முடியும். அந்த மெட்டு ஸ்காட்லாந்தின் ‘ஓல்ட் லாங் ஸைன்’. 1881ஆம் ஆண்டுப் பள்ளிப் புத்தகத்தில் ஜப்பானிய வரிகளோடு ஏறியது. அதிலும் ம, நி கிடையாது, அதனால் ஒட்டுப்போட்ட தடமே தெரியாமல் பொருந்திவிட்டது.

கடைகள் மூடும் நேரத்தில் ஒலிபரப்பும் மெட்டையும் பெரும்பாலோர் இதே பாட்டு என்றுதான் நினைக்கிறார்கள். கூர்ந்து கேட்டால் தாளம் மூன்றாக விழும். ‘வாட்டர்லூ பிரிட்ஜ்’ என்ற அமெரிக்கப் படம் போருக்குப்பின் ஜப்பானில் வெளியானபோது அதில் வந்த வால்ட்ஸ் நடன இசையை ஒட்டி யூஜி கோசெகி அமைத்த இசை அது. ஆக, ஜப்பான் முழுக்க ‘நேரமாயிற்று, கிளம்புங்கள்’ என்று சொல்லும் இசை, ஸ்காட்லாந்தில் பிறந்து ஹாலிவுட் வழியாக வந்து சேர்ந்தது. இதனால் அந்த ஏக்கம் போலி ஆகிவிடாது. நூற்று நாற்பது வருஷமாக மக்கள் அதைப் பாடி அழுதிருக்கிறார்கள், அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

சுருக்கமாக: ஐந்து ஸ்வர மெட்டு பாடவும் நினைவில் நிற்கவும் எளிது, பள்ளி அதைப் பிள்ளைப்பருவத்தோடு கட்டிவிட்டது. அது பழங்காலச் சொத்து அல்ல, 19ஆம் நூற்றாண்டின் கலப்பு.

## உயெனோ நிலையம்

போருக்குப் பிந்திய ஜப்பானில் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. வடகிழக்கின் பனி மாவட்டங்களில் நிலம் குறைவு, பிள்ளைகள் அதிகம். நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டமாக நகரத்துக்கு வேலைக்கு அனுப்பும் முறை வந்தது. 1954இல் அவோமோரியிலிருந்து டோக்கியோவின் உயெனோ நிலையத்துக்கு இதற்கென்றே தனி ரயில் விட்டார்கள். இத்தகைய ரயில்கள் 1975 வரை ஓடின. இந்தப் பிள்ளைகளுக்குப் ‘பொன் முட்டைகள்’ என்று பெயர் வைத்தார்கள். முட்டை பொன்னாக இருந்தது முதலாளிகளுக்கு. பிள்ளைகளுக்குக் கிடைத்தது பட்டறை மாடியில் ஒரு பாய், மாதத்தில் சில நாள் விடுமுறை, ஊருக்குப் போக வருடத்தில் இரண்டு தருணம்.

நினைவு மேட்டை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பாட்டு மிக ஆழமாகப் பதியும் வயதில், ஒரு தலைமுறையே மொத்தமாக வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்டது. கையில் இருந்த பொழுதுபோக்கு வானொலி. 1964இல் ஹச்சிரோ இசாவா பாடிய ‘ஆ, உயெனோ நிலையம்’ இவர்களுக்காகவே எழுதப்பட்ட பாட்டு. பாடியவரும் அவோமோரிப் பகுதிக்காரர். உயெனோ நிலையத்துக்கு வெளியே அந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைக்கும் ஊரில், வேலைக்கு வந்த பிள்ளைகளின் பாட்டுக்கும் ஓர் இடம் கிடைத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பதின்மூன்று வருடம் கழித்து, 1977இன் முதல் நாளில், எதிர்த்திசையில் போகும் பாட்டு ஒன்று வெளிவந்தது. யூ அக்கு எழுதி, தகாஷி மிகி இசையமைத்து, சயூரி இஷிகாவா பாடிய ‘த்சுகாரு ஜலசந்தியின் குளிர்காலக் காட்சி’. உயெனோவில் கிளம்பிய இரவு ரயில் பனி மூடிய அவோமோரியில் வந்து நிற்கிறது. இறங்கியவர்கள் யாரும் பேசவில்லை. ஒரு பெண் நகரத்தையும் காதலையும் விட்டுவிட்டு ஜலசந்தியைத் தாண்டி வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போகும் படகில் தனியாக ஏறுகிறாள். மைனர் மெட்டு, ஒவ்வொரு தட்டிலும் மூன்று மூன்றாக விழும் பின்னணித் தாளம், அலை வந்து மோதுவதுபோலவே இருக்கும். ஊரைவிட்டு வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த நகரம் கைகூடவில்லை. அவர்களுக்கு இது காதல் தோல்விப் பாட்டு மட்டும் அல்ல.

1988 மார்ச்சில் அந்த ஜலசந்தியின் அடியில் செல்லும், மொத்தம் 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள சைகான் ரயில் சுரங்கம் திறந்தது, ரயில்வேயின் படகுப் போக்குவரத்து முடிந்தது. பாட்டு அப்படியே இருக்க, அதில் வரும் பயணம் இல்லாமல் போனது. அதற்கப்புறம் பிறந்தவர்கள் அந்தப் படகில் ஏறவே முடியாது, ஆனால் பாட்டில் ஏறலாம். அவோமோரித் துறைமுகத்தில் பழைய படகு ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது, பக்கத்தில் இந்தப் பாட்டின் நினைவுக் கல்லும் இருக்கிறது.

எல்லாம் அழுகைப் பாட்டு என்று எண்ண வேண்டாம். 1961இல் கியூ சகாமோட்டோ பாடிய ‘மேலே பார்த்தபடி நடப்போம்’ விசிலோடு துள்ளி நடக்கும் பாட்டு, பெரும்பகுதி மேஜர் யொனநுக்கி. வரிகள் சொல்வதோ, கண்ணீர் சிந்திவிடாமல் இருக்கத்தான் மேலே பார்க்கிறேன் என்று. சிரிக்கும் மெட்டில் அழும் வரி. இனிப்பும் வலியும் கலப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. 1985 ஆகஸ்டில் ஜப்பான் ஏர்லைன்ஸின் 123ஆம் எண் விமானம் மலையில் மோதி விழுந்தபோது இறந்தவர்களில் சகாமோட்டோவும் ஒருவர். அன்றிலிருந்து அந்த விசில் ஜப்பானியர் காதில் வேறு மாதிரி ஒலிக்கிறது. மெட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை.

## என்கா எவ்வளவு பழையது?

கிமோனோ உடுத்தி, துறைமுகம், மது, பனி, பிரிவு என்று பாடும் பாணிக்கு என்கா என்று பெயர். குரலை ஒரே எழுத்தில் சுழற்றி வளைக்கும் கொபுஷி என்ற அணி அதன் உயிர். கமகம் பழகிய நமக்கு அதைப் பிடிப்பது எளிது.

என்காவை ‘ஜப்பானின் இதயம்’ என்பார்கள். பெயர் மட்டும் பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசியல் பிரச்சாரப் பாட்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. இன்றைய பொருளில் அது ஒரு தனிவகையாகக் கடைகளிலும் வானொலியிலும் நிலைத்தது 1970ஐ ஒட்டித்தான். ராக், ஃபோக் என்று இளைஞர் இசை பெருகியபோது, அதுவரை எல்லாமே பொதுவாகக் கயோக்யொக்கு, அதாவது வெகுஜனப் பாட்டு, என்று இருந்ததிலிருந்து பழைய சாயல் கொண்டவற்றைப் பிரித்துத் தனிப்பெயர் கொடுத்தார்கள். அதே 1970இல் ஜப்பான் தேசிய ரயில்வே ‘டிஸ்கவர் ஜப்பான்’ என்ற விளம்பரத்தைத் தொடங்கி, நகரத்து இளைஞர்களைக் கிராமங்களுக்குச் சுற்றுலா அழைத்தது. மக்கள் தொகை நகரத்துக்கு வந்து சேர்ந்தபின்தான் ஊர் என்பது அழகான பொருளாயிற்று. ஊரிலேயே இருப்பவருக்கு ஊரைப் பற்றிய ஏக்கம் வராது அல்லவா?

## சிட்டி பாப்: வாழாத காலத்தின் ஏக்கம்

இன்று உலகம் முழுக்க இளைஞர்கள் கேட்பது பெரும்பாலும் வேறொன்று. 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் டோக்கியோவில் உருவான, அமெரிக்க சோல், ஃபங்க் இசையின் சாயல் கொண்ட நகரத்துப் பாட்டு. சிட்டி பாப் என்கிறார்கள். மிகி மட்சுபாராவின் ‘நள்ளிரவுக் கதவு’ 1979, மரியா டகேயுச்சியின் ‘பிளாஸ்டிக் லவ்’ 1984. இரண்டாவது அப்போது பெரிய வெற்றி ஆகவில்லை. 2017க்குப் பிறகு யூடியூபின் பரிந்துரைகள் வழியாக அது எல்லா நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. முதலாவது 2020இல் பரவியது. மட்சுபாரா அதைப் பார்க்கவில்லை, 2004இலேயே இறந்துவிட்டார்.

இந்தப் பாடல்கள் வந்தபோது யாரும் இவற்றைப் பழமை என்று நினைக்கவில்லை. கார் ஸ்டீரியோவுக்கும், 1979இல் வந்த வாக்மேனுக்கும், கையில் காசு புழங்கிய நகரத்துக்கும் செய்த மிகப் புதிய இசை. 90களின் தொடக்கத்தில் அந்தப் பொருளாதாரக் குமிழி உடைந்தது. அதற்குப் பிறகுதான் இவற்றில் ஏக்கம் ஏறியது.

சரி, இதெல்லாம் ஜப்பானியருக்கு. டோக்கியோவையே பார்க்காத ஒரு சென்னைப் பிள்ளைக்கு ஏன்? இரண்டு விடைகள் இருக்கின்றன.

முதலாவது வீட்டிலிருந்து வருகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக்கோடு சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயது மாணவர்களுக்குத் தங்கள் காலத்துப் பாட்டோடு, தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டும் தனியாக ஒரு மேடுபோல நினைவில் நிற்பது தெரியவந்தது. பெற்றோர் போட்ட பாட்டைக் கேட்டு வளர்வதால் அவர்களின் நினைவு மேட்டின் நிழல் பிள்ளைகள்மேலும் விழுகிறது.

இரண்டாவது விடை கருவிகள். ஒலியின் நிறம் என்று ஒன்று உண்டு. ஒரே ஸ்வரத்தை வீணையும் புல்லாங்குழலும் வாசித்தால் வேறு வேறாகக் கேட்கிறதே, அந்த வேறுபாடு. ஹமாமட்சுவின் யமஹா நிறுவனம் 1983இல் கொண்டுவந்த டிஎக்ஸ்7 கீபோர்டு, ரோலண்ட் நிறுவனத்தின் தாளக் கருவிகள் எல்லாம் 80களின் உலக இசைக்கே நிறம் பூசின. லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அந்தக் காலத்துச் சின்தசைசர் ஒலிதான், சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அந்தக் காலத்துச் சின்தசைசர் ஒலிதான். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் வீடுகளுக்கு வந்த டேப் ரெக்கார்டர்களில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று எழுதியிருந்ததை அம்மா அப்பாவைக் கேட்டால் சொல்வார்கள். எனவே சிட்டி பாப்பைக் கேட்டு ‘இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன்’ என்று தோன்றினால் அதில் மாயம் எதுவும் இல்லை. பாட்டைக் கேட்டதில்லை, அந்த நிறத்தைக் கேட்டிருக்கிறீர்கள்.

## நிலைக்கு வராத கார்டு

இன்றைய ஜப்பானியப் பாட்டிலும் அனிமே பாட்டிலும் ஏக்கம் இருக்கிறதே என்றால், அதற்கு மெட்டைவிடக் கார்டுகளைப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு ஸ்வரங்களை ஒன்றாக ஒலிப்பது கார்டு. மேஜர் கார்டு பிரகாசமாகவும் மைனர் கார்டு மங்கலாகவும் கேட்கும். ஜப்பானில் ‘ராஜபாட்டை’ என்று அழைக்கும் ஒரு வரிசை உண்டு: ம-வின் மேஜர், ப-வின் மேஜர், க-வின் மைனர், த-வின் மைனர். ப-வுக்கு அடுத்து ஸ-வில் வந்து நிற்கும் என்று காது எதிர்பார்க்கிறது. அது வராமல் மங்கலான இரண்டு கார்டுகளுக்குள் இறங்கிவிடுகிறது. பிரகாசத்தில் தொடங்கி, நிலைக்கு வரப்போய், வராமலே சுற்றும் வரிசை. பழைய பாட்டுகள் ம-வைத் தள்ளி வைத்தன. புதிய பாட்டுகளோ ம-வின் கார்டிலேயே தொடங்குகின்றன. வழி நேர்மாறு, ஆனாலும் இரண்டும் ஏக்கத்தில்தான் கொண்டுவிடுகின்றன.

## எதிலிருந்து கேட்கலாம்?

முதலில் ‘யூயாகே கோயாகே’ கேளுங்கள், ஒரு நிமிஷம்தான். கூடவே ஸ்வரம் பிடிக்க முயன்றால் ம, நி இல்லாதது தானே தெரியும். அடுத்து சகாமோட்டோ. அப்புறம் ‘த்சுகாரு ஜலசந்தி’யின் பழைய பதிவு ஒன்றையும், இஷிகாவா வயதான பின் மேடையில் பாடியது ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கொபுஷி எங்கே கூடியிருக்கிறது, எந்த வரியில் குரலைத் தாமதிக்கிறார் என்பதில் கவனம் வையுங்கள். வரிகளின் பொருளை அதற்குப் பிறகு தேடுங்கள், முன்னால் வேண்டாம். சிட்டி பாப்பைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. அதில் தொடங்குகிறவர்கள் அந்த நிறத்திலேயே நின்றுவிடுகிறார்கள், உயெனோ வரை போவதில்லை.